வைக்கோலை மேல போடுங்க, உள்ள புதைக்காதீங்க!

போன வருஷம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி நாங்க நாலு பேர் சேர்ந்து ரெண்டு பாத்தி போட்டோம். கத்தரியும் தக்காளியும் வெச்சோம். மண் இளகட்டும்னு வைக்கோலை நறுக்கி மண்ணோட சேர்த்துக் கொத்திவிட்டோம். மூணாவது வாரமே இலையெல்லாம் மஞ்சளாச்சு. அப்புறம் எக்ஸாம் வந்துச்சு, தண்ணி ஊத்த ஆள் இல்ல, எல்லாம் காஞ்சு போச்சு. இந்த மாசியில மறுபடியும் ஆரம்பிக்கிறோம். எங்க தப்பு உங்களுக்காவது உதவட்டும்.

முதல்ல, ஏன் மஞ்சளாச்சு? வைக்கோலில் நைட்ரஜனைவிடக் கார்பன் 50 மடங்குக்கும் மேல் இருக்கிறது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ சுமார் 25-க்கு 1 என்ற விகிதம்தான் வசதி. பற்றாக்குறை நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வைக்கோல் மண்ணுக்குள் கலந்திருந்தால் வேருக்குப் பக்கத்திலேயே இந்தப் போட்டி நடக்கும், செடி தோற்றுவிடும். மண்ணுக்கு மேலே விரித்தால், தொடுகிற மேல்பரப்பில் மட்டும்தான் அது நடக்கும். வேருக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

சரி, மேல போட்டா என்ன லாபம்? இதைத்தான் மூடாக்குன்னு சொல்றோம். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 1 மில்லிமீட்டர் ஈரம் போனால் 1 லிட்டர் தண்ணீர் போனதாகக் கணக்கு. அந்த ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். வெட்ட மண்ணுக்கு அதை வெயில் இலவசமாகக் கொடுக்கிறது. வைக்கோலின் இடைவெளிகளில் அடைந்திருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கீழே கடத்தாது. காற்று நேராக மண்ணைத் தொட்டு ஈரத்தை அள்ளிப் போவதும் குறையும். களைகளுக்கு வெளிச்சமும் கிடைக்காது.

இப்போ ஏன் சரியான நேரம்? சம்பா அறுவடை தையில் முடிவதால் வைக்கோல் சுலபமா கிடைக்கும். பனி விலகி வெயில் ஏறுவதற்குள் மண்ணை மூடிவிடலாம். ஆனா நல்ல வைக்கோல் மாட்டுக்குத் தீனி. மழையில் நனைந்து, மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும் பழைய வைக்கோலைக் கேட்டு வாங்குங்க. நமக்கு அதுவே போதும். வயலுக்குக் களைக்கொல்லி அடிச்சாங்களான்னும் கேட்டுக்கோங்க.

செய்ற முறை:

1. பாத்தி 3 முதல் 4 அடி அகலம் இருக்கட்டும். ரெண்டு பக்கமிருந்தும் கை எட்டணும், உள்ளே மிதிக்கக் கூடாது. கோடைக்கு மேட்டுப் பாத்தி வேண்டாம். சற்றுப் பள்ளமாக இருந்தால்தான் தண்ணீர் நிற்கும்.

2. களையைப் பிடுங்கி, மட்கிய தொழுவுரத்தை 2 அங்குலம் பரப்பி லேசாகக் கொத்திவிடுங்க.

3. அரையடி ஆழம் நனையும்வரை தண்ணீர் விடுங்க. காய்ந்த மண்ணை மூடினால், அடுத்து ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதியை வைக்கோலே குடித்துவிடும்.

4. நாற்றை நட்ட பிறகு, உதிராத நெல்மணிகள் இருந்தால் உதறிவிட்டு, வைக்கோலை 3 முதல் 4 அங்குலம் விரியுங்க. கொஞ்ச நாளில் அது அமுங்கிவிடும். தண்டைச் சுற்றி 2 அங்குலம் இடைவெளி விடணும், இல்லைன்னா தண்டு அழுகும்.

5. விதையாக ஊன்றினால், முளைத்து ஒரு சாண் வளர்ந்த பிறகு மூடுங்க. கீரை விதை மேல் கனமாகப் போட்டால் முளை வெளியே வராது.

வாரம் ஒருமுறை வைக்கோலைத் தூக்கிப் பாருங்க. கரையான் மண் தெரிந்தால் அந்த இடத்தை விலக்கிக் காற்றோட விடுங்க, வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம் தூவுங்க. தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்பதை மேலே பார்த்து முடிவு பண்ணாதீங்க, விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க.

எங்க பாத்தி ஓரமா 2 அடியை மூடாம விட்டிருக்கோம். ஏப்ரல்ல ஒரு மத்தியானம் வந்து ரெண்டு இடத்துலயும் கையை வெச்சுப் பாருங்க. எக்ஸாம் நேரத்துல எந்தப் பக்கம் தாங்குதுன்னு சேர்ந்தே பார்த்துடலாம்.