உயிலுக்கு ஒரு வக்கீல்

மகளுக்கு வரன் தேடும்பொழுது பத்து ஊர் விசாரிக்கிறோம். மனை வாங்கும்பொழுது மூலப்பத்திரம் வரை துருவிப் பார்க்கிறோம். ஆனால், முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வீடும் நிலமும் நம் காலத்துக்குப் பின் யார் கையில், எந்த நிபந்தனையின்பேரில் போய்ச் சேரவேண்டும் என்று எழுதித் தரப்போகிறவரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும், பத்திர ஆபீசு வாசலில் முதலில் எதிர்ப்பட்டவரே போதும் என்று திருப்தியடைந்துவிடுகிறோம். அவ்வாறு எழுதப்பட்ட உயில்கள் பிற்காலத்தில் பாகப்பிரிவினை வழக்குகளாக மாறி, ஒரே வயிற்றில் பிறந்தவர்களை வாதியும் பிரதிவாதியுமாகக் கோர்ட்டுப் படியேற்றுவதைத் தமிழ்நாட்டின் எந்த முன்சீப் கோர்ட்டிலும், எந்த வாரத்திலும் காணலாம்.

உயில் எழுத வக்கீல் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தன் 63ஆம் பிரிவில் கேட்பது மிகச் சொற்பம். எழுதி வைப்பவர் கையொப்பமிட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்கவேண்டும். அவர் அவ்வாறு செய்வதைக் கண்ணால் கண்டவர்களோ, 'இது நான் இட்ட கையொப்பந்தான்' என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டவர்களோ, குறைந்தது இருவர், அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பம் இடவேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமன்று. சட்டப் பரிபாஷையில்தான் எழுதவேண்டும் என்பதும் இல்லை. இத்தனை எளிய காரியத்துக்கு வக்கீல் எதற்கு என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் குற்றம் காண இடமில்லை. ஆயினும், விக்கிரயப் பத்திரத்தில் ஒரு பிழை நேர்ந்தால் எழுதிக் கொடுத்தவரையே அழைத்துப் பிழைதிருத்தல் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். உயிலில் நேர்ந்த பிழை வெளிப்படும் நாளிலோ, அதைத் திருத்தும் அதிகாரம் படைத்த ஒரே மனிதர் உயிரோடு இருப்பதில்லை. அவர் தெளிந்த புத்தியோடு எழுதினாரா, எழுதியது இன்னதென்று அறிந்து கையொப்பமிட்டாரா, எவருடைய நிர்ப்பந்தமாவது அவர்மேல் இருந்ததா என்று கோர்ட்டு கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்தக் காகிதமும், அதில் கையொப்பமிட்ட இரண்டு சாட்சிகளுமே பதில் சொல்லியாக வேண்டும். வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்னும் வழக்கில் 1958ஆம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பு இவ்விஷயத்தில் இன்றளவும் வழிகாட்டியாக நிற்பது. உயிலால் பெரும்பலன் அடைகிறவரே அதை எழுதுவிக்கும் காரியத்தில் முன்னின்றிருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்பதும், அந்தச் சந்தேகத்தை நீக்கும் பாரம் உயிலைக் கொண்டுவந்து நீட்டுபவரையே சேர்ந்தது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே நமக்கு வேண்டியவர், உயிலை அழகாக எழுதக்கூடியவர் அல்லர். உயில்கள் எந்த இடத்தில் உடைகின்றன என்பதைச் சாட்சிக்கூண்டின் பக்கத்தில் நின்று பார்த்தவர். பத்திர எழுத்தர்களைக் குறைவாகச் சொல்வது என் நோக்கமன்று. கிரயமும் அடமானமும் அவர்கள் கையில் பழுதின்றி எழுதப்படுகின்றன. ஆனால் தாம் எழுதிய உயில் 20 ஆண்டுகளுக்குப் பின் குறுக்கு விசாரணையில் என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்க்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. சொத்து வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவரும் சிவில் வக்கீலுக்கோ அது நித்திய அனுபவம். கிரிமினல் வழக்குகளில் பெயர்பெற்றவர் என்பதாலோ, கட்சிக்காரர் கூட்டம் வாசலில் நிற்கிறது என்பதாலோ ஒருவர் உயில் எழுதத் தகுந்தவர் ஆகிவிடமாட்டார்.

இத்தகையவரை விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. வக்கீல்கள் தொழிலுக்காக விளம்பரம் செய்துகொள்வதைப் பார் கவுன்சில் விதிகள் நெடுநாளாகவே தடுத்துவருகின்றன; அவர்களை இணையதளங்களில் பட்டியலிட்டு, தரவரிசை போட்டுக் கட்சிக்காரர் பிடித்துத் தரும் வழக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் கண்டித்து, நடவடிக்கை எடுக்குமாறு இந்தியப் பார் கவுன்சிலுக்கு உத்தரவும் இட்டிருக்கிறது. எனவே பழைய வழியாகிய விசாரிப்பே சிறந்த வழி. ஓய்வுபெற்ற சார்பதிவாளரோ, கோர்ட்டுச் சிரஸ்தாரோ, நமக்குத் தெரிந்தவர்களில் பாகவழக்கு நடத்தி முடித்தவரோ இருந்தால், 'சொத்துப் பத்திரங்களை ஒழுங்காகப் படிப்பவர் இந்தக் கோர்ட்டில் யார்?' என்று கேட்கலாம். வீட்டுக் கடன் தருவதற்கு முன் வங்கிகள் பத்திரங்களை ஒரு வக்கீலிடம் அனுப்பி அபிப்பிராயம் பெறுகின்றன; அவ்வாறு வங்கிக்கு அபிப்பிராயம் எழுதித் தருபவர், தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரையில் வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருப்பார். பெயர் கிடைத்தபின், அவர் தமிழ்நாடு புதுச்சேரிப் பார் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தாமா என்று பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்மையானவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.

வக்கீல் உள்ளூர்க்காரராக இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தஞ்சைப் பகுதியின் பழைய பத்திரங்களில் நிலத்தின் அளவு வேலி, மா, குழி என்று எழுதப்பட்டிருக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அதே நிலத்துக்கு இன்றைய பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று அளவு கண்டிருக்கும். உடையவரோ வாய்ப்பேச்சில் ஏக்கர் என்பார், சென்ட் என்பார். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில், கிராமத்தார் 'யூ.டி.ஆர்.' என்று சொல்வதில், அண்ணன் நிலம் தம்பி பெயரிலும், தம்பி நிலம் பங்காளி பெயரிலும் பட்டாவாகி இன்றுவரை திருத்தப்படாமல் கிடப்பது அபூர்வமன்று. கும்பகோணம் போன்ற ஊர்களில் கட்டடம் ஒருவருடையதாகவும், அடிமனை கோயிலுடையதாகவும் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவ்வீட்டுக்காரர் 'மனையும் வீடும்' என்று உயிலில் எழுதினால், தமக்கு உரிமையில்லாத ஒன்றைப் பிள்ளைக்கு விட்டவர் ஆகிறார். புல எண் எப்பொழுது உட்பிரிவாயிற்று, நகரளவையில் என்ன எண் வந்தது, நான்கெல்லையில் கண்ட வாய்க்கால் இன்னும் இருக்கிறதா என்பவற்றையெல்லாம், எத்தனை மேதையாயினும், வெளியூர் வக்கீல் உட்கார்ந்த இடத்திலிருந்து அறிந்துவிட முடியாது.

முதல் சந்திப்பில் அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். 'யாருக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கணிப்பொறியில் இருக்கும் பழைய படிவத்தில் பெயரை மாற்றத் தொடங்குபவரிடம் வணக்கம் சொல்லி எழுந்துவிடலாம். தகுந்தவருடைய முதல் கேள்வி, 'இந்தச் சொத்து உங்களுக்கு எப்படி வந்தது?' என்பதாக இருக்கும். சுயசம்பாத்தியம் எனில் இஷ்டப்படி விடலாம். பிதுரார்ஜிதக் கூட்டுக்குடும்பச் சொத்து எனில் தம் பங்கை மட்டுமே விட முடியும். 1989இல் தமிழ்நாடு சட்டமன்றமும், 2005இல் நாடாளுமன்றமும் செய்த திருத்தங்களால் மகளுக்கும் அக்கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை ஏற்பட்டுவிட்டதை மறந்து எழுதப்பட்ட உயில்கள் எத்தனையோ. அடுத்து அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார். உயில் எழுதாமல் இறக்கும் ஓர் இந்து ஆடவரின் சொத்தில் மனைவி, மக்களோடு அவருடைய தாயாருக்கும் சமபங்கு உண்டு. மக்கள் இல்லாத இந்து விதவை உயிலின்றி இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து பிறந்த வீட்டுக்கே திரும்பினாலும், அவள் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு கணவனுடைய வாரிசுகளுக்குப் போகிறது. அவளைக் கடைசிவரை பேணிய தங்கைக்கு ஒன்றும் இல்லை. இதை அறிந்த எந்தத் தனித்த பெண்மணியும் உயிலை ஒத்திப்போட மாட்டார். இஸ்லாமியர் ஒருவர், கடனும் ஈமச்செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகளின் சம்மதமின்றி உயிலால் விட முடியாது. கிறிஸ்தவருடைய உயிலில் சாட்சிக்கோ, சாட்சியின் மனைவிக்கோ ஏதேனும் விடப்பட்டிருந்தால் அந்தப் பகுதி செல்லாது. கட்சிக்காரரின் மதம் இன்னதென்று விசாரிக்காமலே எழுத உட்காருபவருக்கு இவை தெரியாது, அல்லது இவற்றில் அவருக்கு அக்கறை இல்லை.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டுவிட்டேன், அது போதுமே என்று நாம் சொன்னால், நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி அதன் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்று அவர் விளக்கவேண்டும். உயிலுக்குப் பதிலாகத் தான செட்டில்மெண்டு எழுதிவிடலாமா என்று கேட்டால், அவர் சற்று யோசிக்கவேண்டும். செட்டில்மெண்டு எழுதிப் பதிந்த கணத்திலேயே சொத்து கைமாறிவிடுகிறது. உயிலை மாற்றுவதுபோல் அதை நினைத்தபொழுது மாற்ற முடியாது. பெற்றவரைக் காப்பாற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை காப்பாற்றத் தவறினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுச்செய்து அதை ரத்துச் செய்விக்க இடமுண்டு. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இருந்தாலன்றி அம்முதியவர் பெரும் சிரமப்பட நேரும். ஒரு வரிதான். எழுதச் சொல்லும் வக்கீல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. வயதான தாயாரை இளைய மகன் காரில் அழைத்துவருகிறான்; வக்கீல் அவனுக்குப் பழக்கமானவர்; கட்டணமும் அவன் கொடுக்கிறான்; அம்மாவின் அபிப்பிராயத்தை அவனே சொல்கிறான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். தாயாரின் விருப்பமும் உண்மையில் அதுவாகவே இருக்கலாம். ஆயினும் அந்த உயில் பிறக்கும்பொழுதே சந்தேகத்தோடு பிறக்கிறது. நல்ல வக்கீல், 'தம்பி, கொஞ்சம் வெளியே உட்காருங்கள். அம்மாவிடம் தனியாகப் பேசவேண்டும்' என்று சொல்வார். அந்தப் பத்து நிமிஷ நேரத்தில், இதுவரை எவரும் கேட்காத கேள்வியை அவர் கேட்க, எவரிடமும் சொல்லாத விருப்பத்தை அத்தாயார் சொல்லக்கூடும். வெளியே உட்கார்ந்த மகனுக்கும் அது நன்மையே. பின்னொரு நாள் அண்ணன் வழக்குத் தொடுத்தால், நான் அந்த அறையிலேயே இல்லை என்று அவன் மனச்சாட்சியோடு சொல்லலாம். இவ்வாறு தனித்துப் பேச மறுக்கும் வக்கீலை, அவர் எவ்வளவு சமர்த்தராயினும், நாடவேண்டாம்.

சாட்சிகள் விஷயத்திலும் அவர் கண்டிப்பாக இருக்கவேண்டும். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். ஆதலால் எழுதுபவரைவிட வயதில் இளையவராக, ஊரிலேயே இருப்பவராக, உயிலால் பலனடையாதவராக இருவரைத் தேடச் சொல்வார். நோயாளியாக இருந்தால், பார்த்துவரும் டாக்டரையே ஒரு சாட்சியாகச் சேர்ப்பது உத்தமம். பதிவு கட்டாயமன்று என்றாலும் பதியச் சொல்பவர்களே அதிகம்; அதில் தவறில்லை. எழுதியவர் உயிரோடு உள்ளவரை அவரோ, அவருடைய அதிகாரம் பெற்றவரோ தவிர வேறு யாரும் பதிவான உயிலின் நகலைப் பெற முடியாது என்பதால் அந்தரங்கம் வெளியாகிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

அவருடைய ஞானம் புதுமை குன்றாதிருக்கிறதா என்று அறிய, உயில் மெய்யானதே என்று கோர்ட்டு அளிக்கும் சான்றாகிய புரொபேட்டு பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட, அல்லது அங்குள்ள ஸ்தாவரச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயில்களுக்குப் புரொபேட்டு பெற்றாக வேண்டும் என்று மிக நீண்ட காலம் விதித்திருந்த, மேற்சொன்ன வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை, 2025ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இன்னமும் பழைய விதியையே ஒப்பிப்பவர் புத்தகத்தைத் திறந்து வெகுநாளாயிற்று.

கட்டணத்துக்கு நிர்ணயம் இல்லை. சொத்தின் சிக்கலுக்கேற்ப மாறும். முன்னதாகவே கேட்டு, ரசீதும் பெற்றுக்கொள்ளலாம். வழக்கின் பலனில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதமானது. அப்பேச்சு எழுந்தால் அத்தோடு முடித்துக்கொள்ளவேண்டும். வசதி குறைந்தவர்கள் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ, தாலுகாவிலுள்ள சட்டப்பணிகள் குழுவையோ அணுகலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இன்றி அங்கே இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விசாரிக்கலாம்.

முதல் சந்திப்புக்குச் செல்லுமுன், தாய்ப்பத்திரம், இன்றைய பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, கடன் விவரம், குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் எழுதிய பெயர்ப்பட்டியல் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணும் காலும் நன்றாக இருக்கும்பொழுதே, பிள்ளைகளில் எவரையும் துணைக்கு அழைக்காமல், நீங்களே செல்லுங்கள்.