கச்சானில் பூஞ்சணம்: தயிர் காப்பாற்றுமா?

இடம்பெயர்ந்து அலைந்த குடும்பத்துக்கு ஒரு சாக்குக் கச்சான் பெருஞ்சொத்து. அடுத்த போகத்துக்கான விதையும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் அதற்குள்ளேதான். ஆகவே மழையில் நனைந்து, தறப்பாளின் கீழ் அவிந்து, பூஞ்சணம் பிடித்த கச்சானையும் எறிய எமக்கு மனம் வருவதில்லை. வறுத்து உண்கிறோம், மிஞ்சியதைக் கோழிக்குப் போடுகிறோம்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சண வகை அஃப்ளரொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் இறந்தபோது, அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த கச்சான் பிண்ணாக்கிலிருந்தே இது கண்டறியப்பட்டது. 1974இல் இந்தியாவின் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட 397 பேர் நோயுற்றனர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டாலோ ஈரற் புற்றுநோய்க்கு வழியாகும். அவித்தாலும் வறுத்தாலும் இந்நஞ்சு முற்றாக அழியாது.

இதற்கு எதிராக ஒரு சிறிய துணை உண்டு. பாலைப் புளிக்கவைக்கும் லக்ரோபசிலஸ் பற்றீரியாக்களுள் சில, ஒட்டுப்புல் சீலையில் ஒட்டுவதுபோல, இந்நஞ்சைத் தம் மேற்சுவரில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. 1998இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வகைகள் கரைசலிலிருந்த நஞ்சில் ஏறத்தாழ 80 வீதத்தை அகற்றின. 2006இல் வெளியான மற்றோர் ஆய்வில், சீனாவின் குவாங்சோ நகரில் 90 இளைஞர்கள் பங்குபற்றினர். பற்றீரியா மருந்துறையை ஐந்து வாரம் உண்டவர்களின் சிறுநீரில் இந்நஞ்சின் அடையாளப்பொருள் பாதிக்கு மேல் குறைந்தது.

அப்படியானால் பழுதான கச்சானைத் தயிரோடு உண்ணலாமா? கூடாது. எல்லாப் பற்றீரியாக்களும் ஒரே அளவில் நஞ்சைப் பற்றுவதில்லை. பற்றியதில் ஒரு பகுதி கழன்றும் விடும். தயிரும் பழஞ்சோறும் நல்ல உணவுகள்; ஆனால் அவற்றை நஞ்சுமுறி என்று நம்பியிருக்க முடியாது.

நஞ்சை மறிக்கவேண்டிய இடம் எமது முற்றமே. பிடுங்கிய கச்சானை மண் உதறி, காய்கள் மேலே இருக்கக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஆய்ந்த பின் பாயிலே பரப்பி, மாலையில் மூடிவையுங்கள். குலுக்கும்போது உள்ளே பருப்புக் கலகலக்க வேண்டும். காற்றோட்டமுள்ள சணற்சாக்கில் இட்டு, நிலத்தில் படாமல் கட்டைகளின்மேல் அடுக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது யாவற்றையும் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். மாட்டுக்கும் கொடுக்காதீர்கள், நஞ்சு பாலுக்குள் இறங்கி, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையிடமே வந்து சேரும்.