ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானம் கிளம்பாது! சூலூர் வானில் சீறும் போர் விமானங்களுக்கு தரையில் நடக்கும் 'செக்கப்'

கோவை:

சூலூர், காங்கேயம்பாளையம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு விமான சத்தம் ஒன்றும் புதுசு இல்லை. காதை பிளக்கும் சத்தத்தோடு போர் விமானம் கிளம்பினால் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடும். 2018-ல் பெங்களூருவில் இருந்து தேஜஸ் விமானங்களுடன் 45-வது படைப்பிரிவு இங்கே வந்து சேர்ந்தது. 2020 மே மாதம் தேஜசின் 2-வது படைப்பிரிவும் சூலூரிலேயே தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் தஞ்சாவூருக்கு சுகோய் வந்தது.

கைதட்டல் எல்லாம் விமானிக்குத்தான். ஆனால் அந்த விமானம் ஓடுபாதைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை பேர் அதை தட்டி, தடவி, டார்ச் அடித்து பார்த்து கையெழுத்து போட்டிருக்கிறார்கள் என்பது காம்பவுண்டு சுவருக்கு வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு நாளைக்கு 3 முறை

காரை 5 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை சர்வீசுக்கு விடுகிறோம். போர் விமானத்துக்கு அந்த கணக்கு செல்லாது. அன்றைய முதல் பறப்புக்கு முன் ஒரு சோதனை. தரையிறங்கி மறுபடி கிளம்புவதற்கு நடுவில் ஒரு சோதனை. அன்றைய வேலை முடிந்த பிறகு இன்னொரு சோதனை. இது போக இத்தனை மணி நேரம் பறந்தால் இந்த பாகத்தை கழற்ற வேண்டும், பறக்காமல் சும்மா நின்றாலும் இத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும் என்று தனி அட்டவணை இருக்கிறது. ரப்பர் குழாயும் சீலும் சும்மா இருந்தாலே கெட்டுப்போகும் அல்லவா, அதற்குத்தான் இந்த வருஷ கணக்கு.

டயரில் சாதா காற்று கிடையாது, நைட்ரஜன்தான். தரையிறங்கும்போது பிரேக் கடுமையாக சூடாகும். சாதா காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் அந்த சூட்டில் ஆபத்து.

என்ஜின் ஆயிலை கொஞ்சம் எடுத்து பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். நமக்கு ரத்த பரிசோதனை எடுப்பது மாதிரி. ஆயிலில் எந்த உலோகத்தின் துகள் கூடியிருக்கிறது என்று பார்த்தால் உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் எண்டோஸ்கோபி! மெல்லிய குழாய் முனையில் கேமராவை வைத்து என்ஜினுக்குள் விட்டு, பிளேடுகளில் நெளிசல், கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக பார்க்கிறார்கள். என்ஜினை பிரிக்காமலே வேலை முடிந்துவிடும்.

கண்ணுக்கு தெரியாத விரிசலுக்கும் வழி இருக்கிறது. சாயத்தை தடவி துடைத்தால் விரிசலுக்குள் போன சாயம் மட்டும் கோடாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

உட்காருகிற சீட்டே வெடிக்கும்

காக்பிட்டில் ஏறும் டெக்னீஷியனின் முதல் வேலை என்ன தெரியுமா? சீட்டில் பாதுகாப்பு பின் செருகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் அந்த சீட்டுக்குள் வெடிமருந்து இருக்கிறது. தெரியாமல் இழுத்துவிட்டால் தரையில் நிற்கும் விமானத்தில் இருந்தே ஆள் வானத்துக்கு போய்விடுவார். அதனால்தான் ஒவ்வொரு பின்னிலும் சிவப்பு நாடா தொங்குகிறது. பறப்பதற்கு முன் அத்தனையையும் எடுத்து எண்ணி காட்ட வேண்டும்.

கருவிகளுக்கும் எண்ணிக்கை உண்டு. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பலகையிலோ பெட்டியிலோ அதனதன் உருவம் வரைந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு இடம் காலியாக இருந்தால், அந்த விமானம் நின்றுவிடும். நடு ராத்திரி ஆனாலும் தேடி எடுத்தாக வேண்டும். லாரி ஷெட்டில் 10-க்கு 12 ஸ்பேனர் காணோம் என்றால் புதுசு வாங்கிக்கொள்ளலாம். இங்கே அது விமானத்தின் வயிற்றுக்குள் கிடந்து, திருப்புகிற கம்பியில் போய் சிக்கினால் விமானி கதி அதோகதிதான்.

புத்தகம் பேசும்

இதற்கெல்லாம் சாட்சி ஒரு புத்தகம். 'எப்-700' என்று பெயர். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக உண்டு. என்ஜின், உடல் பகுதி, மின்சாரம், ரேடியோ, ஆயுதம் என்று அந்தந்த பிரிவு ஆள் தன் வேலையை முடித்து அதில் கையெழுத்து போட வேண்டும். மேற்பார்வையாளர் பார்த்து போட வேண்டும். கடைசியாக விமானி படித்து பார்த்து, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்து போட்ட பிறகுதான் ஏணியில் கால் வைப்பார்.

வாடகை சைக்கிள் கடை நோட்டு மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பி வந்த விமானி, 'இடது பக்கம் அதிர்வு இருந்தது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அதற்கு பதில் எழுதாமல் விமானம் நகராது. ஏதாவது விபத்து என்றால் உடனே பூட்டி சீல் வைக்கப்படுவதும் இந்த புத்தகம்தான்.

இதன் அருமை 2021 டிசம்பர் 8-ந்தேதி தமிழ்நாட்டுக்கே புரிந்தது. முப்படை தலைமை தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உள்பட 14 பேருடன் சூலூரில் இருந்து வெலிங்டனுக்கு கிளம்பிய எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. அன்றே 13 பேர் பலி. ஒரு வாரம் உயிருக்கு போராடிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் இறந்துபோனார். எந்திர கோளாறா, சதியா என்று டீக்கடையில் எல்லாம் இதே பேச்சு. அதை கடைசியாக தயார் செய்து அனுப்பியவர்களின் மனசு அப்போது என்ன பாடுபட்டிருக்கும்!

2022 ஜனவரியில் முப்படை விசாரணை குழுவின் முடிவு வெளியானது. கருப்பு பெட்டி பதிவுகளை அலசி, சாட்சிகளை விசாரித்த குழு, எந்திர கோளாறு, சதி, அலட்சியம் மூன்றும் இல்லை என்றது. வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானி திசை தடுமாறியதே காரணம் என்று கூறப்பட்டது.

எல்லா நேரமும் எந்திரம் தப்பிப்பது இல்லை. 2025 ஜனவரி 5-ந்தேதி குஜராத் மாநிலம் போர்பந்தரில் கடலோர காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து 3 பேர் இறந்தனர். விமானி கையில் இருக்கும் பிடியின் அசைவை மேலே சுழலும் இறக்கைகளுக்கு கொண்டுபோகும் தட்டில் முறிவு இருந்தது விசாரணையில் தெரிந்தது. விபத்து நடந்ததுமே முப்படைகளிலும் கடலோர காவல்படையிலும் இருந்த சுமார் 330 துருவ் ஹெலிகாப்டர்களும் தரையில் நிறுத்தப்பட்டன. சூலூரை தளமாக கொண்ட 'சாரங்' சாகச குழு ஓட்டுவதும் துருவ்தான். அந்த பிப்ரவரியில் பெங்களூரு விமான கண்காட்சியில் சாரங்கை பார்க்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். ராணுவம், விமானப்படை துருவ்கள் மே மாதம்தான் மறுபடி பறக்க ஆரம்பித்தன.

'ஸ்பேர்' இல்லாவிட்டால்?

ஆள் இருந்தும் பாகம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. சுகோய் விமானங்களில் 75 சதவீதம் எப்போதும் பறக்க தயாராக இருக்க வேண்டிய நிலையில், 55 முதல் 60 சதவீதம்தான் தயாராக இருந்ததாக 2015-ல் மத்திய தணிக்கை துறையே சுட்டிக்காட்டியது. 100 விமானம் வாங்கினோம் என்பது செய்திதான். காலையில் எத்தனை கிளம்பும் என்பதுதான் கணக்கு.

பெரிய அளவில் பிரித்து மேய்கிற வேலைக்கு விமானப்படைக்கு தனி பணிமனைகள் உண்டு. அதில் ஒன்று நம்ம சூலூரில் இருக்கிறது. சுகோய்க்கு நாசிக் பக்கம் போக வேண்டும். ஸ்பேனர் பிடிக்கும் கைகளை பழக்குவது சென்னை தாம்பரத்தில் உள்ள எந்திரவியல் பயிற்சி நிலையம். 2017 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி நேரில் வந்து இதற்கு கொடி வழங்கி கவுரவித்தார்.

கோழி கழிவும் குப்பையும்

காலையில் ஓடுபாதை ஓரம் வரிசையாக தலையை குனிந்துகொண்டு நடப்பவர்களை பார்த்தால் ஏதோ தொலைத்துவிட்டார்கள் என்று தோன்றும். அவர்கள் பொறுக்குவது கல், ஆணி, திருகு. ஜெட் என்ஜின் தரையில் கிடப்பதை எல்லாம் உறிஞ்சும். சின்ன கல் போதும், பிளேடு நெளிந்துவிடும்.

கல்லை பொறுக்கிவிடலாம். பருந்தை என்ன செய்வது? கோழி, ஆட்டு கழிவை கொட்டினால் பருந்தும் காக்கையும் கூடும். தேஜசுக்கு இருப்பதோ ஒரே என்ஜின். விமான தளத்தை சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இறைச்சி கழிவு, குப்பையை பறவைகள் கூடும்படி திறந்தவெளியில் கொட்டக்கூடாது என்பது விதி. சூலூர் தளத்தில் இருந்து 10 கிலோமீட்டர் என்றால் அதில் எத்தனை ஊர், எத்தனை கறிக்கடை, எத்தனை கல்யாண மண்டபம் வருகிறது என்று அந்த பக்கத்து ஆட்களுக்கே தெரியும்.