ஈயச்சொம்பு ரசம்: ‘ஈயம் விஷம்’னா இது மட்டும் எப்படி ஓகே?

கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நசுங்கும். வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஓடும். ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். இவ்வளவு ‘செல்லமான’ ஒரு பாத்திரத்தைத் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ரசத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதுதான் ஈயச்சொம்பு.

இப்போது அது ஒரு ரவுண்டு திரும்ப வந்திருக்கிறது. இரும்புத் தோசைக்கல், கல்சட்டி, வெண்கலப் பானை என்று பழைய பாத்திரங்களைத் தேடி வாங்குகிறவர்களின் லிஸ்ட்டில் ஈயச்சொம்பும் இருக்கிறது. ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஆனால் யாராவது ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடியோ போட்டால், கீழே ஒரு கேள்வி வந்துவிடும்: “ஈயம் உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, இதுல போய் சமைக்கலாமா?”

நியாயமான கேள்விதான். பதில், வார்த்தையில் இருக்கிற குழப்பத்திலிருந்து தொடங்குகிறது.

எந்த ஈயம்?

தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். இன்னொன்று காரீயம். ஆங்கிலத்தில் லெட். 2015-ல் நூடுல்ஸ் சர்ச்சை வெடித்தபோது அடிபட்டது இந்த இரண்டாவது ஆள். கார் பேட்டரிக்குள் இருப்பதும் இதுதான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னைகளைக் கொண்டுவரும். ரத்தத்தில் ‘இவ்வளவு காரீயம் வரை பரவாயில்லை’ என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈயச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். இது வேறு உலோகம், வேறு குணம். பழரசம், தக்காளி என்று டப்பாவில் அடைத்து வருகிறதே, அந்த இரும்புத் தகட்டின் மேல் பூசியிருப்பதும் பெரும்பாலும் வெள்ளீயம்தான். ‘டின்’ என்று நாம் சொல்கிற பெயரே அதிலிருந்து வந்தது. அன்னாசி மாதிரியான சில பழங்களுக்கு டப்பாவின் உள்பக்கம் வேண்டுமென்றே வார்னிஷ் பூசாமல் விடுவார்கள். வெள்ளீயம் துளித்துளியாகக் கரைந்து, உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனோடு முதலில் அதுவே வினைபுரிந்துவிடும். பழத்தின் நிறமும் சுவையும் மங்காது. ரச ருசியின் ரகசியம் இதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கிற அன்னாசியும் பத்து நிமிஷத்தில் இறக்குகிற ரசமும் ஒன்றல்ல, அதனால் அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

அப்ப பிரச்னை எங்கே?

விலையில். உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இந்தியாவில் வெள்ளீயத் தாது எடுப்பது சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். மிச்சமெல்லாம் இறக்குமதி. இரண்டும் பார்க்க வெள்ளி மாதிரி மினுங்கும், இரண்டும் மென்மை, உருக்கினால் ஒன்றோடு ஒன்று சுலபமாகக் கலந்துவிடும். கலப்படம் செய்ய நினைப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

அதில் வைப்பதோ புளி ரசம். புளிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு காரீயம் கரையும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். கலப்படச் சொம்புக்கு ரசத்தைவிட மோசமான ஜோடி கிடையாது. இது கற்பனைப் பயம் இல்லை. இறக்குமதியாகும் சில அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் கசிவதாக 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி

தராசு இருந்தால் போதும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3. சொம்பை எடை போடுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு தட்டு வைத்து, சொம்பைக் காற்றுக்குமிழி இல்லாமல் முழுக்க மூழ்கடியுங்கள். வழிந்த தண்ணீரை எடை போடுங்கள். சொம்பின் எடையை அதனால் வகுத்தால் 7.3 பக்கத்தில் வரவேண்டும். 500 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் சுமார் 69 கிராம் தண்ணீர் வழியும். 40 சதவீதம் காரீயம் கலந்திருந்தால் 59 கிராம்தான்.

ஒன்று கவனிக்கணும். இது பெரிய கலப்படத்தைத்தான் பிடிக்கும். 10 சதவீதம் கலந்தால் அடர்த்தி 7.6-க்கு அருகில் நிற்கும், சமையலறைத் தராசு அங்கே தடுமாறிவிடும். அதற்கும் கீழே போனால் லேப் சோதனைதான் வழி. நகைக் கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியின் அதே தொழில்நுட்பத்தில் உலோகத்தை உடைக்காமலே சொல்லிவிடுவார்கள். வாங்கும்போது பில்லில் ‘வெள்ளீயம்’ என்று எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

உருகாமல் ரசம் வைப்பது எப்படி?

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். கேஸ் அடுப்பின் தீ ஆயிரம் டிகிரியை எளிதாகத் தாண்டும். அப்படியும் ரசம் கொதிக்கிறதே, எப்படி? உள்ளே தண்ணீர் இருக்கும்வரை, சூட்டை அது உறிஞ்சி 100 டிகிரியிலேயே நிற்கும். உலோகத்தையும் அதற்கு மேல் அதிகம் ஏற விடாது. தண்ணீர் தொடாத இடத்தில்தான் ஆபத்து.

அதனால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கணும். தீ சிறியதாக, அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கணும். ரசம் நிற்கிற மட்டத்துக்கு மேலே பக்கவாட்டில் தீ நக்கினால் அந்த இடம் இளகிவிடும். பருப்புத்தண்ணி விட்டு நுரைகட்டி வந்ததும் இறக்கிடணும், ரசத்துக்கும் அதுதானே பக்குவம். தாளிப்பு மட்டும் கண்டிப்பாகத் தனி இரும்புக் கரண்டியில். புகையக் காய்ந்த நெய் 232-ஐத் தொட்டுவிடும்.

டிரிப்புக்கு எடுத்துப் போகலாமா என்றால், வேண்டாம். கேம்பிங் ஸ்டவ்விலும் விறகிலும் காற்றடித்தால் தீ எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஆகாது, வெள்ளீயம் காந்தத்தில் ஒட்டாது. மிச்ச ரசத்தை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காமல் ஸ்டீலுக்கு மாற்றிடுங்க. வெள்ளீயமும் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். டப்பா உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம்வரைதான் என்று சர்வதேச உணவுத் தரநிலை எல்லை வைத்திருக்கிறது.

பயணத்துக்கென்று நம் ஊரில் இருந்தது பித்தளைக் கூஜா. அதன் உள்ளேயும் ஈயம் பூசியிருப்பார்கள். பூச்சு போன பித்தளையில் புளியோ மோரோ பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு உகந்தவை அல்ல என்று நம் உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. பூசுகிறவர் பாத்திரத்தைக் கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும். அது உலோகத்தின் மேலிருக்கும் அழுக்குப் படலத்தை அரித்து எடுக்கும் வேலை. பிறகு ஈயத்தை வைத்துத் துணியால் ஒரே இழுப்பு. அவர் கையில் இருப்பது எந்த ஈயம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொம்பில் ஓட்டை விழுந்தால் எலக்ட்ரிகல் கடை சால்டர் கம்பியை உருக்கி அடைக்கிறவர்கள் உண்டு. சாதாரண சால்டர் கம்பியில் 40 சதவீதம்வரை காரீயம் இருக்கும். அப்படி அடைத்த சொம்பில் ரசம் வைக்காதீர்கள்.