தக்காளியின் சத்துக்கும் மண்ணுக்கு ஒரு போர்வை

2010 இல் வன்னியில் எங்கள் காணிக்குத் திரும்பியபோது கிணறு தூர்ந்து கிடந்தது. அதைத் துப்புரவாக்கி, வீட்டுத் தேவைக்கும் விற்பனைக்குமாகத் தக்காளி நட்டேன். காய்த்தது. ஆனால் பாதிப் பழங்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன், கடன்தான் மிஞ்சியது.

பிறகுதான் விளங்கியது, அது கிருமியால் வருவதல்ல. பழத்துக்குக் கல்சியம் போதாமல் வருவது. மண்ணில் கல்சியம் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது செடிக்குள் ஏறும். ஒருநாள் வெள்ளமும் மூன்றுநாள் காய்ச்சலுமாக இறைத்தால் பழத்தின் நுனிக்கு அது போய்ச் சேராது. அடுத்த போகம் பாத்தியில் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினேன். ஈரம் சீராக நின்றது, அழுகலும் குறைந்தது.

மூடாக்கு பழத்தின் சத்தையும் தொடுகிறது. தக்காளியின் சிவப்பு நிறம் லைக்கோபீன் என்ற சத்து. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது அது உருவாவது தடைப்படும். பழம் செம்மஞ்சளாகவே நின்றுவிடும். மூடாக்கு வேரைக் குளிர்மையாக வைத்தால் செடி வாடாது. இலைகள் பழத்துக்கு நிழல் கொடுக்கும். ஆனால் விற்றமின் சீக்கு வெளிச்சமும் வேண்டும். யூரியாவை அள்ளிப்போட்டு இலையை அடர்த்தியாக்கினால் அது குறையும்.

கறுப்புப் பொலித்தீன் களையை அடக்கும், ஈரத்தைக் காக்கும். ஆனால் மண்ணைச் சூடாக்கும். எங்கள் வெயிலுக்கு வைக்கோல், இலைகுழை, அல்லது வெயிலைத் தெறிக்கவைக்கும் வெள்ளி நிறத் தாள் பொருத்தம்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில், ஓர் அவரையினக் கொடியை வளர்த்து வெட்டி, அந்தப் படுக்கையிலேயே தக்காளி நட்டார்கள். கறுப்புப் பொலித்தீனில் நின்ற செடிகளைவிட அவற்றின் இலைகள் கூடிய நாள் பச்சையாக இருந்தன, நோயையும் தாங்கின என்று 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. இலை பச்சையாக இருக்கும்வரைதான் பழத்துக்குச் சீனி போகும். நாங்கள் பசளைக்காக விதைக்கும் சணலும் அவரையினம்தான்.

தண்டோடு ஒட்டாமல் சற்று இடைவெளி விடுங்கள். காய்ந்த வைக்கோலில் கறையான் ஏறுகிறதா என்று பாருங்கள். பழத்தைச் செடியிலேயே சிவக்க விடுங்கள். கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் லைக்கோபீன் உடலில் நன்றாகச் சேரும்.

சத்துமாவுப் பொதிக்கு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள் எங்களுடையவை. இன்று அவர்களின் கோப்பையில் விழும் சத்தில் ஒரு பங்கு, நாங்கள் எரித்துவிடாமல் மண்ணில் பரப்பிய வைக்கோலிலிருந்து வருகிறது.