நடுவில் நிற்கும் குடும்பம்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாளிடம் மாத வருமானம் எவ்வளவு என்று விசாரித்தால், “எந்த மாசத்தைக் கேக்கறீங்க சாமி? பௌர்ணமிக்கு ஒரு கணக்கு, மத்த நாளுக்கு ஒரு கணக்கு, தீபத்துக்குத் தனிக் கணக்கு” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இதை மழுப்பல் என்று எண்ணுவது பிசகு. கிராமப்புற வருமானத்தை அளக்கப் புகும் எந்த நிபுணரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுவே.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 24.6 லட்சம் ஜனங்கள் வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் நால்வர் கிராமவாசிகள். ஒரே குடும்பத்தில் தகப்பன் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிட்டு, தாய் கறவை மாட்டைப் பார்த்து நூறு நாள் வேலைக்கும் போய், மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்து பணம் அனுப்புவது இங்கே சர்வ சாதாரணம். வீட்டுச் செலவுக்கென்று குதிரில் கொட்டிவைத்த நெல்லுக்கும் விலைபோட்டு, விதை, உரம், ஆள்கூலி ஆகியவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதே வருமானம் என்று சாஸ்திரம் சொன்னாலும், குடியானவர் எவரும் அப்படிக் கணக்கெழுதி வைப்பதில்லை.

இவ்வளவு சிரமப்பட்டுத் தொகைகளைத் திரட்டிய பின்னும், எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இத்தனை என்று வகுத்துவிட்டால் ஊரின் உண்மை ஸ்திதி மறைந்துபோகும். பதினொரு வீடுகள் கொண்ட ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து வீடுகளுக்கு மாதம் தலா 8,000 ரூபாய், ஒரு வீட்டுக்கு 12,000, நான்கு வீடுகளுக்குத் தலா 15,000, கடைசியாக அரிசி ஆலைக்காரர் வீட்டுக்கு 3 லட்சம். சராசரி 37,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆனால் பத்து வீடுகள் அதில் பாதியைக்கூடக் கண்டதில்லை. வருமான வரிசைப்படி வீடுகளை நிறுத்தி நடுவிலுள்ள ஆறாவது வீட்டைப் பார்த்தால் கிடைக்கும் 12,000 ரூபாயே இடைநிலை அளவு. ஆலைக்காரரின் லாபம் இரட்டிப்பானால் சராசரி துள்ளிக் குதிக்கும். இடைநிலை அளவோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

காலப்போக்கில் வருமானம் எப்படி மாறுகிறது என்று அறிவதற்கோ, போன ஊருக்கே திரும்பத் திரும்பப் போகவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆராயத் தொடங்கி, 1918 இல் அவற்றை நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, இன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்ததும் காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ளதுமான தூசி. 1980களில் பொருளாதார ஆய்வாளர் எஸ். குகன் முதலியோர் அவ்வூரை மறுபடியும் ஆராய்ந்தனர்.

ஆரணிப் பக்கத்துக் கதை இன்னும் விசேஷமானது. புதிய நெல் ரகங்கள் பரவிய காலத்தில், 1973-74 இல், கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் அன்றைய வட ஆற்காட்டில் 11 கிராமங்களை ஆராய்ந்தனர். பத்தாண்டுகள் கழித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வாஷிங்டனிலுள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தன. சிறு விவசாயிகளும் நிலமற்ற கூலிகளும்கூட நன்மையடைந்தனர் என்பது அதில் ஈடுபட்ட பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் கண்ட முடிவு. 1990களில் ஆய்வாளர்கள் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் எஸ். ஜனகராஜனும் அந்த 11 கிராமங்களுள் நேசல் முதலிய சிலவற்றுக்கு மீண்டும் சென்றனர். இடையில், 1989 இல், வட ஆற்காடு மாவட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். எல்லை மாறிய மாவட்டத்தின் பழைய தொகையையும் புதிய தொகையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட இயலாது.

இரண்டாம் ஆராய்ச்சி நடந்த 1982-83 வறட்சியாண்டு. அடுத்த ஆண்டோ மழை பெய்து விளைந்த ஆண்டு. வறண்ட ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டவர், பத்தாண்டு வளர்ச்சி வீண் என்று எழுதியிருப்பார். விளைந்த ஆண்டை மட்டும் கண்டவர் வானளாவப் புகழ்ந்திருப்பார். விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காவிட்டால் அரிசி விலை உயர்ந்ததே செழிப்பாகத் தோன்றும். கூட்டுக் குடும்பம் பிரிந்தால், எவருடைய வருமானமும் குறையாமலே குடும்ப வருமானம் குறைந்துவிடும். ஊரைவிட்டே போய்விட்டவர்களோ எந்தக் கணக்கிலும் அகப்படுவதில்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடைநிலைக் குடும்ப வருமானத்தை, மாதிரி ஆய்வுகளையும் வரிக் கணக்குகளையும் இணைத்து ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்கள். வருமான வரி செலுத்தும் கிராமவாசிகள் சொற்பமாயுள்ள நம் நாட்டில் அவ்வழி எளிதன்று. 1960களில் தேசிய மாதிரி ஆய்வினர் வருமானத்தைக் கேட்டுப் பார்த்தபோது, ஜனங்கள் சொன்ன வரவு, அவர்கள் செலவையும் சேமிப்பையும் கூட்டிய தொகையைவிடக் குறைவாயிருக்கவே, அம்முயற்சியைக் கைவிட்டுச் செலவைக் கேட்பதையே வழக்கமாக்கினர். நபார்டு வங்கி 2021-22 இல் எடுத்த ஆய்வு, கிராமக் குடும்பத்தின் மாத வருமானம் அகில இந்திய அளவில் 12,698 ரூபாய் என்கிறது. அதுவும் சராசரிதான்.

ஆகையால், மாவட்டத்தின் வருமானம் இரட்டித்தது என்று எவரேனும் மேடையேறிச் சொன்னால், எந்த மழையாண்டிலிருந்து எண்ணினீர்கள், எந்த ஆண்டு விலையில் எண்ணினீர்கள், ஆறாவது வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க நமக்கு உரிமையுண்டு.