வேலைக்கு முன் ஒரு விசாரணை: எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம்?

நேர்முகத் தேர்வில் தேறிவிட்டால் வேலை கையில் வந்துவிட்டது என்று இப்போது சொல்ல முடியாது. அதன் பிறகுதான் ‘பேக்ரவுண்ட் வெரிபிகேஷன்’ என்கிற பின்னணிச் சரிபார்ப்பு தொடங்குகிறது. படிப்புச் சான்றிதழ் உண்மையானதா, முன்பு வேலை பார்த்த இடம் சரியா, கொடுத்த முகவரியில் குடியிருக்கிறாரா, காவல் நிலையத்தில் வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். அரசு வேலை என்றால் காவல் துறை விசாரிக்கும். தனியார் நிறுவனங்கள் இதற்கென்றே உள்ள ஏஜென்சிகளிடம் பொறுப்பை விட்டுவிடுகின்றன.

போலிச் சான்றிதழைப் பிடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் கிராமத்திலிருந்து வேலைக்குப் போகும் தலித் இளைஞர்களுக்கு இந்த விசாரணை இரண்டு இடங்களில் சிக்கலாகிறது. ஒன்று முகவரி, மற்றொன்று வழக்கு.

முகவரியே சாதி சொல்லும்

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் பழக்கம் பெருமளவு மறைந்துவிட்டது. முகவரியில் மறையவில்லை. ‘காலனி’, ‘ஆதிதிராவிடர் தெரு’ என்று ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் இருந்தால் வேறு கேள்வியே தேவையில்லை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. ஆனால் இளைஞர்கள் கையில் இருப்பவை அதற்கு முன் வாங்கிய ஆவணங்கள். விசாரிக்க வருபவர் ஊர்த் தெரு டீக்கடையில் வழி கேட்டாலும் போதும், வீடு எந்தப் பக்கம் என்பதோடு சாதியும் தெரிந்துவிடும்.

சாதி தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது.

தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு வேலையை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் எந்த நிறுவனமும் காரணத்தை எழுதித் தருவதில்லை. ஆகவே, இட ஒதுக்கீடு இல்லாத தனியார் வேலையில் சாதியைத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் செய்வதுதான் உண்மையான பாதுகாப்பு. அங்கேதான் சட்டம் கைவிட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய விவரங்களில் ஒன்றாக வைத்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. அதோடு, வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகச் சில விவரங்களைச் சம்மதம் இல்லாமலே கையாளவும் அது இடம் தருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகும் நிலைமை இதுதான்.

ஊர்ச் சண்டையும் வேலையும்

அடுத்தது வழக்கு. தேர் வரும் பாதை, சுடுகாட்டுப் பாதை, கொடிக்கம்பம் என்று மோதல் வந்தால் இரு தரப்பின் மீதும் வழக்குப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. வன்கொடுமைப் புகார் கொடுத்தால் பதிலுக்கு ஓர் எதிர் வழக்கு வரும். அதில் கல்லூரி மாணவர் பெயர் சேர்ந்துவிட்டால், பெரியவர்கள் சமாதானமாகிப் போன பிறகும் அந்தப் பெயர் பதிவேட்டில் நிற்கும்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. படிவத்தில் குறிப்பாகக் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லாதது மறைத்தல் ஆகாது என்றது நீதிமன்றம். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற, தண்டனை விதிக்கப்பட்ட சிறு வழக்கைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதை மன்னிக்கும் விருப்புரிமை வேலை தருபவருக்கு உண்டு என்றும் சொன்னது. ஆனால் உண்மையைச் சொன்னவரின் முன்வரலாற்றைப் பரிசீலிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே தீர்ப்புதான்.

தமிழகக் காவலர் பணி விதிகள் இன்னும் கடுமையானவை. சந்தேகத்தின் பலனிலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை வழக்கில் தொடர்புடையவராகவே அவை கருதுகின்றன. சமாதானமாகப் போன ஊர்ச் சண்டை வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விடுதலையானாலும் இணையம் மறப்பதில்லை. தீர்ப்பில் உள்ள தன் பெயரை நீக்கக் கேட்ட ஒருவருக்குச் சாதகமாக 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

என்ன செய்யலாம்?

படிவத்தை வேறொருவரை விட்டு நிரப்பக் கூடாது. ‘தண்டிக்கப்பட்டீரா’ என்பது வேறு. ‘கைது செய்யப்பட்டீரா, வழக்கு நிலுவையில் உள்ளதா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கினார்களா’ என்பது வேறு. ஊர்ப் பிரச்சினையில் ஆர்.டி.ஓ. முன் எழுதிக் கொடுத்த ‘107 பிணை’ தண்டனை அல்ல. ஆனால் பிணை பற்றிக் கேள்வி இருந்தால் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும்.

உங்கள் மீது வழக்கு இருக்கிறதா என்பதை நிறுவனத்துக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் கட்டணம் செலுத்தித் தன்னைப் பற்றித் தானே சரிபார்ப்பு கேட்கலாம். முதல் தகவல் அறிக்கை, இறுதி அறிக்கை, தீர்ப்பு ஆகியவற்றின் நகல்களை வாங்கி வைத்திருங்கள். ‘வழக்கு முடிந்துவிட்டது’ என்ற வாய்வார்த்தை சரிபார்ப்பில் செல்லாது.

பொய் வழக்கு என்றால் வேலைக்கு விண்ணப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீது பொய்யாக வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.

தனியார் நிறுவனத்தின் சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என்னென்ன விசாரிப்பார்கள், யார் விசாரிப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பட்டச் சான்றிதழ் இருக்கும்போது சாதிச் சான்றிதழ் கேட்டால், எதற்கு என்று கேட்பதில் தவறில்லை. பதில் எழுத்தில் வந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் இளைஞர்கள் தலையில் விழும் வேலை. அரசு செய்ய வேண்டியது இரண்டு: மோதல்களில் போடப்படும் எதிர் வழக்குகளைக் காலக்கெடு வைத்து விசாரித்து, பொய்யானவற்றை முடித்து வைப்பது, தனியார் வேலைக்கான சரிபார்ப்பில் சாதி விவரம் கேட்பதற்குத் தடை விதிப்பது. வேலைக்குத் தேவையானது தகுதியும் நேர்மையும். அதற்கு மேல் கேட்கும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை.